முப்பத்தாறாவது கை

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. ஆம்பூர் பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஒரு டியூஷன் சென்டரில், தோல் கம்பெனித் தொழிலாளர்கள் முப்பத்தாறு பேரின் கைகளில் வல்லாரைச் சாறு ஏற்றிய பிளாஸ்திரி ஒட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை கம்பெனிகளுக்கு லீவு. அதனால்தான் அந்தக் கிழமை. பிளாஸ்திரியைத் தயாரித்தவள் பூர்ணிமா, அரக்கோணத்துக்காரி, பக்கத்தில் ஒரு தனியார் பார்மசி கல்லூரியில் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. வல்லாரை புண்ணை ஆற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இலையை அரைத்துப் பூசினால் தோலின் மேலேயே காய்ந்துவிடும். பூர்ணிமா செய்தது, சாற்றை நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் அடைத்து, தோலின் அடி அடுக்குவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. சும்மா பூசுவதைவிட ஐந்து மடங்கு உள்ளே போகிறது என்று சோதனைச்சாலையில் காட்டியிருந்தாள். தோல் பதனிடும் குரோம் கலந்த தண்ணீரில் கைவைத்து வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஆறாத புண்ணுக்கு அது சரிப்படுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

வரிசையில் கடைசியாக நின்றவள் ஜெயம்மாள். நாற்பத்தாறு வயது. கேட்பதற்கு முன்பே கம்பெனி அடையாள அட்டையை நீட்டினாள்.

"என்ன வேல பாக்குறீங்கக்கா?"

"டிரம்முலர்ந்து குரோம்ல ஊறுன ப்ளூ தோல எடுத்து அடுக்குறது. இருவது வருசமா அதான்."

வலது கையில் புறங்கையிலும் விரல் இடுக்கிலும் புண். பேனா பிடிக்க முடியவில்லை. பூர்ணிமா அவளுடைய பெருவிரலை மையில் ஒற்றி ஒப்புதல் படிவத்தில் வைத்தாள். கறுப்புத் தீற்றல்தான் விழுந்தது, ரேகை விழவில்லை. மூன்று முறை வைத்தும் அப்படித்தான்.

"உடும்மா. ரேசன் கடை மிஷினே என் கையக் கண்டா பேஜாராவுது" என்றாள் ஜெயம்மாள்.

படிவத்தில் அவள் எண் 36.

மூன்று வாரம் கழித்து, மார்ச் முதல் தேதி, கைகளை மறுபடி பார்த்தார்கள். இருபத்தொரு பேருக்குப் புண் சுருங்கியிருந்தது. ஒன்பது பேருக்கு மாற்றமில்லை. ஆறு பேருக்கு மோசமாகியிருந்தது. அந்த ஆறு பேருக்கும் பூர்ணிமா காரணத்தைத் தயங்காமல் எழுதிக்கொண்டே வந்தாள்: வேலை. வாரத்தில் ஆறு நாள் குரோமில் கிடக்கும் கைக்கு வேறு காரணம் தேட அந்த ஊரில் யாருக்கும் தோன்றாது.

ஜெயம்மாளின் புண் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய சதுரம் அப்படியே சிவந்து, ஓரமெல்லாம் நீர் கோத்திருந்தது.

"கிளவுஸ் போட்டுக்குங்கன்னு எத்தினி தடவ சொன்னேன்கா? இந்தக் கையோட டிரம்முல வேல செஞ்சா எப்டி ஆறும்?"

"எந்த டிரம்மு?" என்றாள் ஜெயம்மாள். "என்னை நிறுத்தி ஒண்ணேகால் வருசமாவுது. கையப் பாத்துட்டு கான்ட்ராக்டரு வராதன்னுட்டான். மக வூட்லதான் குந்திக்கினு இருக்கேன். ஒரு சொம்பு கழுவ உடமாட்டா."

"அட்டை குடுத்தீங்களே?"

"அட்டைய யாரு திருப்பிக் கேட்டான்?"

அது உண்மைதான். கான்ட்ராக்ட் ஆட்களிடம் யாரும் அட்டையைத் திரும்ப வாங்குவதில்லை, அதில் முடிவுத் தேதியும் போடுவதில்லை. ஆய்வுக்கு அதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவள் பூர்ணிமா.

"ஏன்கா பொய் சொன்னீங்க?"

"வேலைல இருக்கறவங்களுக்கு மட்டும்னு போர்டு வெச்சது நீங்கதான? புண்ணு எனுக்குந்தான இருக்குது. ஆறிச்சின்னா கூப்புடறேன்னு மேஸ்திரி சொல்லியிருக்கான்."

பூர்ணிமா அவள் கையைக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஐந்து பேருக்கும் கம்பெனியைக் காரணம் சொல்லிவிடலாம். இந்தக் கை பதினைந்து மாதமாகக் குரோமைத் தொடவில்லை. இதைத் தொட்டது அவளுடைய பிளாஸ்திரி மட்டும்தான்.

மறுநாள் வேலூர் லாங் பஜாருக்குப் போனாள். இலை சப்ளை செய்த முனிரத்தினத்தின் நாட்டு மருந்துக் கடை, தள்ளுவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தது.

"அணைக்கட்டு ஊரு இலதான குடுத்தீங்க?"

"மொதல்ல குடுத்த பத்து கிலோ அணைக்கட்டு. அப்பறம் அறுவது கிலோ கேட்டீங்களே மேடம், அங்க அவ்ளோ ஏது? ஆம்பூர் பக்கம் ஆத்தங்கால்வாய் ஓரமா எடுத்தேன். ஒவ்வொரு எலயும் தட்டு மாதிரி. வருசம் பூரா பச்ச." சந்தோஷமாகச் சொன்னார். "எந்தக் கொறையும் வந்திருக்காதே?"

"அந்தக் கால்வாய்ல என்ன தண்ணி வருது?"

"எல்லாத் தண்ணியுந்தான்."

பரிசோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கியது முதல் பத்து கிலோவுக்கு. இரண்டாவது வரவையும் கல்லூரியிலேயே சோதித்திருந்தார்கள். மூலிகை மருந்தில் பார்க்கச் சொல்லியிருக்கும் உலோகங்கள் நான்கு: ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம். நான்கும் அளவுக்குள்தான் இருந்தன. குரோமியத்தைப் பார்க்க விதி கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மீதமிருந்த பிளாஸ்திரியை எடுத்து பூர்ணிமா குரோமியம் பார்த்தாள். அணைக்கட்டு இலையில் இருந்ததைப் போல முப்பது மடங்கு. ஏற்கெனவே குரோம் ஒவ்வாமை வந்த தோலில் புண்ணைக் கிளப்ப அதில் ஒரு சிறு பங்கே போதும். சாற்றை ஏற்றிச் சென்ற துளிகள் அதையும் ஒழுங்காக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன.

வழிகாட்டிப் பேராசிரியர் அன்பரசன் தாளை இரண்டு முறை படித்தார்.

"இந்த ரீடிங்கை நான் மறுக்கல. இனிமே அணைக்கட்டு இலைதான். மிச்ச பிளாஸ்திரிய இன்னிக்கே அழிச்சிடு." பிறகு 36-ஆம் படிவத்தைக் கேட்டு வாங்கினார். "வேலைல இல்லாதவங்கன்னா, இவங்க நம்ம ஸ்டடியிலயே இல்லம்மா. தப்பான தகவல் குடுத்திருக்காங்க. எடுத்துரு."

"அப்ப அந்தக் கை, சார்?"

"கை இருக்கு. டேட்டா இல்ல."

"மத்த அஞ்சு பேரு?"

"தினம் குரோம்லதான நிக்கிறாங்க? எதால ஆச்சுன்னு நீ நிரூபிப்பியா?"

நிரூபிக்க அவளிடம் இருந்தது ஒரு கைதான். அதைத்தான் எடுக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை ஜெயம்மாள் கல்லூரிக்கே வந்துவிட்டாள். கை துணியில் சுற்றியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சி மருந்தால் வந்த புண் என்று கடிதம் இருந்தால் செலவைக் கல்லூரியே ஏற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"லெட்டர் குடும்மா. இது அழுகிட்டா மேஸ்திரி எங்க கூப்புடுவான்?"

பூர்ணிமா ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டினாள். கொடுத்த தகவல் தவறானால் அதன் விளைவுகளுக்குக் கல்லூரி பொறுப்பல்ல.

"இதுல நீங்க கைநாட்டு வெச்சிருக்கீங்கக்கா."

"பொய் சொன்னது நானு. சரி. மருந்து வெச்சது நீதான?"

"நான்தான்."

"அத மட்டும் எழுதிக் குடேன்."

பூர்ணிமா எழுதவில்லை. கல்லூரி முத்திரை இல்லாத கடிதம் செல்லாது என்று சொன்னாள். அதுவும் உண்மைதான்.

"பீஎச்சிடி முடிச்சா உன்ன டாக்டருன்னுதான் கூப்புடணும், இல்ல?" என்று கேட்டுவிட்டு ஜெயம்மாள் படியிறங்கினாள்.

அன்று மாலை பூர்ணிமா, அன்பரசனிடம் சொல்லாமல், கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதினாள். குரோமியம் அளவையும், ஜெயம்மாள் கையின் மூன்று போட்டோக்களையும் இணைத்தாள். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. குறிப்பிட்ட நபர் ஆய்வில் சேரத் தகுதியற்றவர் என்பதால் அவர் ஆய்வின் பங்கேற்பாளர் அல்லர். எனவே புகார் குழுவின் வரம்புக்குள் வராது. அவள் இன்னொரு கடிதம் எழுதவில்லை.

டிசம்பரில் கட்டுரை வெளியானது. பங்கேற்றவர்கள் முப்பத்தைந்து பேர். புண் மோசமான ஐந்து பேருக்கு எதிரே, தொடர்ந்த தொழில்வழிப் பாதிப்பு என்று இருந்தது. ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் பூர்ணிமாவுடையது. அடுத்த ஆண்டு அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

ஜெயம்மாளுக்கு ஜூலையிலேயே அரசு ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். புண் ஆறியது. வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதில்லை. மேஸ்திரி அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.