பத்து நிமிடம்

இறைச்சியைச் சட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஸ்டேக் என்கிற இந்தக் கனத்த மாட்டிறைச்சித் துண்டை அடுப்பிலிருந்து இறக்கினால் மட்டும் சமையல் முடிந்துவிடாது. பத்து நிமிடம் கை படாமல் விட வேண்டும், சாறு சதைக்குள்ளேயே அடங்கி நிற்க வேண்டும். வெளியே கருத்த மொறுமொறுப்பு, நடுவில் ரோஜா நிறம். மூன்று வாரம் தோழி வீட்டு அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு பழகியிருந்தேன். அப்பாவிடம், "அவங்க போற வரைக்கும் அடுப்படிய விட்டு வெளிய வராத" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்க ஓடினேன். தட்டைத் தொடாதே என்று சொல்லவில்லை.

வந்தது எங்கள் அலுவலகத் தலைமை மேடம். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர வேலை ஒன்றுதான், பெயர்கள் இரண்டு. ஒரு பெயரை அவர் அடித்துவிட வேண்டும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, இந்த ஊரில் ஒருவருக்கும் ஸ்டேக் போடத் தெரியாது, செருப்பாக்கிவிடுகிறார்கள் என்று அவர் சலித்துக்கொண்டார். எனக்குத் தெரியும் மேடம், வீட்டுக்கு வாங்க என்று வாயைக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வாயை எங்கே கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

அப்பா இறைச்சிக் கடையில் வெட்டுகிறவர். முதுகை ஒட்டி ஓடும் மிருதுவான சதைக்கு எங்கள் வீட்டில் 'வாடிக்கை' என்று பெயர். வாடிக்கைக்காரர்களுக்குப் போவது, நமக்கு இல்லாதது என்று அர்த்தம். நமக்கு வந்ததெல்லாம் கழுத்து, சவ்வு, எலும்பு. குக்கரில் போட்டு, வெந்ததா என்று யாரும் கேட்க முடியாதபடி வேகவைத்துத் தின்று வளர்ந்த உடம்பு இது. நேற்று முதல்முறையாக வாடிக்கை எங்கள் வீட்டுக்குள் வந்தது, இரண்டு விரல் கனத்தில், முழுசாக. துண்டு போடாமல் கொடுக்க அப்பாவுக்கு மனசே வரவில்லை. முழுசா எப்படிம்மா வேகும் என்று இரண்டு தடவை கேட்டார்.

அவரை ஏன் ஒளித்து வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கான படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு மேல் கட்டத்தில் 'காலமானார்' என்று எழுதினால் தொழிலை நிரப்ப வேண்டியதில்லை. எழுதினேன். இன்று காலையில்தான் அவரிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தவில்லை.

"எந்த வருசம் செத்தேன்னு போட்ட?"

நான் பத்தாவது படித்த வருடத்தைச் சொன்னேன்.

"அப்ப காலேஜ்ல கொண்டுபோய்ச் சேத்துவிட்டது யாருன்னு கேட்டா?" என்றார். கிண்டலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. மாமா என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். தலையாட்டினார். எனக்கு மாமாவே கிடையாது.

மேடம் கூடத்தில் உட்கார்ந்து, வெண்ணெயும் பூண்டும் கலந்த வாசனை நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. குக்கரை நான் அடுப்பில் வைக்கவே இல்லை. எழுவதற்குள் இரண்டாவது விசில்.

உள்ளே ஓடினேன். தட்டு காலி. சிவப்புத் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது. அப்பா அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் காப்பாற்றிய முகத்தோடு நின்றார்.

"நல்லவேள பாத்தேன். உள்ள பச்சையா கெடந்துச்சும்மா. அவசரத்துல மறந்துட்ட போல."

"உன்னை யாரு தொடச் சொன்னா?"

கத்தினேன். பின்னால் மேடம் வந்து நின்றது அப்புறம்தான் தெரிந்தது.

"சமையலுக்கு ஆள் வெச்சிருக்கியா? சொல்லவே இல்ல."

நான் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்பாவை நான் கூப்பிட்ட 'நீ', அவர் என்னைக் கூப்பிட்ட 'அம்மா', இரண்டும் அங்கே வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மேடம் குக்கரைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் மோசம். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோல், தட்டில் சிவப்பாக இருப்பது ரத்தம் இல்லை, சாறு என்று அப்பாவுக்கு விளக்கினார். ஆயிரம் மாடுகளைப் பிரித்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

நானும் சேர்ந்துகொண்டேன்.

"உனக்கென்ன தெரியும்? எலும்பும் சவ்வும் தின்ன வாய்தானே."

அதில் நடிப்பு துளிகூட இல்லை. இருபத்துநாலு வருடமாக எங்கேயோ கிடந்தது, தயாராக வந்தது.

"தப்புதாம்மா" என்றார் அப்பா. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

மேடம் சிரித்தார். "திட்டாத விடு. அவரையே சாப்பிடச் சொல்லு. எதைக் கெடுத்தோம்னு தெரிஞ்சாதான் அடுத்த தடவை கை வைக்க மாட்டாரு."

நான் எடுத்துப் போட்டேன். அப்பா நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். மேடம் கதவில் சாய்ந்து, குழந்தை மருந்து குடிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மென்றார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. வாழ்க்கையில் முதல்முறை. கெட்டுப்போனதுதான், ஆனாலும் அது வாடிக்கை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் அங்கே நிற்பதே மறந்துபோன மாதிரி, கொழுப்பு ஒட்டியிருந்த நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து, எப்போதும் செய்வதுபோல் என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தார்.

பாதியில் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கையை இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை, நீட்டவும் தெரியவில்லை. விரல் நுனியில் துண்டு என் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மேடம் சாய்ந்திருந்த கதவிலிருந்து நிமிர்ந்தார். துண்டிலிருந்து கொழுப்பு ஒரு சொட்டு, என் புதுச் சேலை முந்தானையில், சூடாக விழுந்தது.