ஒன்பது புள்ளிகளுக்கு வெளியே

விமானத்தின் வயிற்றுக்குள் அபுதாஹிர் போனதே இல்லை. ஆனாலும் அதன் தரைக்குப் பலகை செய்து தரச் சொல்லி ஒரு கம்பெனி, தாராவிச் சந்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் தேடி வந்தது. கண்ணாடி நாரிலும் ரெசின் பசையிலும் அதுவரை அவர் செய்துவந்தது துணிக்கடைப் பொம்மைகள். இனி இரண்டு நார்த்தகடுகளுக்கு நடுவே தேன்கூடு மாதிரியான அட்டையை வைத்து ஒட்ட வேண்டும். அலுமினியத்தைவிட லேசு, யானை ஏறினாலும் தாங்கும் என்றார்கள். யானைக்கு டிக்கெட் உண்டா என்று அவர் கேட்கவில்லை.

மாதிரிப் பலகை தேறினால் வருஷம் முழுக்க வேலை. செம்பூரில் ஓர் அறை பிடித்து, கடையநல்லூரிலிருந்து நூர் நிஷாவை அழைத்து வந்துவிடலாம். கல்யாணமான பதினோரு வருஷத்தில் சேர்ந்து இருந்தது பதினோரு மாதம்கூட இராது.

சோதிக்கக் கம்பெனி அனுப்பியவர் மாட்டுங்காவில் குடியிருக்கும் பிரம்மநாயகம். மே மாத வெயிலில் டை.

"இது ஏரோஸ்பேஸ், பாய். பொம்மை இல்லே" என்று இருபது நிமிஷம் முழங்கிவிட்டு, படிவத்தில் குறித்திருந்த ஒன்பது புள்ளிகளிலும் ரூபாய் நாணயத்தால் தட்டினார். ஒன்பதும் கணீரென்றன. "பஸ், ஹோ கயா!" அவ்வளவுதான், முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார்.

நன்றாக ஒட்டிய இடம் கணீரென்னும். ஒட்டாத இடம் பொத்தென்னும். காலையிலேயே அபுதாஹிர் பலகை முழுக்கத் தட்டிப் பார்த்திருந்தார். நாலாம் புள்ளிக்கும் ஐந்தாம் புள்ளிக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலம் பொத். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர், கையில் பூசிய அத்தரைக் கழுவாமல் நார்த்துணியைத் தொட்டிருந்தார். ரெசினுக்கு எண்ணெய் ஆகாது. அந்த அத்தருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸ் என்று சொர்க்கத்தின் பெயரே இருந்தாலும் ஆகாது.

"சார், நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு தட்டு தட்டுங்க."

"அங்கே புள்ளி இல்லையே?"

"புள்ளி இல்ல சார். ஒட்டவும் இல்ல."

"ஃபார்ம்ல இல்லாத எடத்துல நான் எப்படித் தட்டறது?"

"மேல நடக்கவன் புள்ளி பாத்தா காலு வைப்பான்?"

பிரம்மநாயகம் தட்டினார். பொத். அவருக்குக் கோபம் பலகைமேல் இல்லை. "கையெழுத்துக்கு முன்னாடி சொல்லப்படாதா? இப்போ மூணு காப்பியிலும் அடிக்கணும்!"

"நாலு நாள் குடுங்க சார், வேற பண்ணித் தாரேன்."

"ஒரு சப்ளையர், ஒரு சாம்பிள். அதான் ரூல்."

மூன்று காப்பியிலும் அடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அபுதாஹிர் இன்லேண்டு லெட்டர் ஒன்றை விரித்தார். குறையை நானேதான் காட்டினேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் நூர் நிஷாவுக்கு வாசித்துச் சொல்வது அவள் வாப்பா. 'கிறுக்கன்' என்ற வார்த்தையைத் தம் பங்குக்குச் சேர்த்துத்தான் வாசிப்பார். அறை இன்னும் அமையவில்லை என்று மட்டும் எழுதினார். மற்ற இரண்டு மடிப்பையும் காலியாகவே விட்டார்.