நாலாயிரம் பேர் பார்த்த சிரிப்பு

அரிமுரா என்ற பெண் எங்கள் நகர நூலகத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, உறுப்பினர் அட்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஐந்து வயது மகள் சுசுவின் கையைப் பிடித்தபடி, "இங்க போட்டோ எடுப்பீங்களா?" என்றுதான் கேட்டார்.

"சனிக்கிழமை கதை நேரத்துல எடுப்பாங்க. வேண்டாம்னா படிவத்துல எழுதிக் குடுத்துடுங்க."

புகைப்படம் கூடாது, வீடியோ கூடாது, பெயரும் எங்கும் வரக் கூடாது என்று எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ அப்பாவுக்கு நாங்க இருக்கிற ஊர் தெரியாது. நகராட்சியிலயே எங்க முகவரிய யாருக்கும் குடுக்காம மூடி வெச்சிருக்காங்க."

பேனாவைத் திருப்பித் தந்த கையின் மணிக்கட்டு, எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. படிவத்தில் சிவப்புச் சீட்டை ஒட்டிக் கோப்பில் வைத்தேன். படம் எடுக்கலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த பிள்ளைகளின் சட்டையில் பச்சை வட்டம் ஒட்டுவோம். சுசுவுக்கு அது கிடையாது.

நான் அங்கே ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பித்தால்தான் அடுத்த வருடம் வேலை. எங்கள் நூலகத் தலைவர் குராமொச்சி, காலையில் தேநீர் குடிப்பதற்கு முன்பே நூலகத்தின் வீடியோ சேனலை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பவர்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பனியில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்த கரடியின் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த சுசு, வந்த நாளிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். தலைவர் கைபேசியால் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சுசுவைக் கண்ணால் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, வட்டம் இல்லை என்று சைகை செய்தேன். தலையாட்டினார்.

திங்கட்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. செவ்வாய் காலை போனபோது அலுவலகக் கணினியைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். திரை முழுக்க சுசுவின் சிரிப்பு. அதன் கீழே எங்கள் நூலகத்தின் பெயர், 'ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்தரை மணிக்கு'.

"சார், இந்தக் குழந்தைக்கு அனுமதி இல்ல. சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கு."

"பேர் போடலியே, இகராஷி சான். நாலாயிரம் பேர் பாத்திருக்காங்க. மேயர் ஆபீஸ்லேருந்தே கூப்பிட்டுப் பாராட்டினாங்க."

"அவளோட அப்பா பாத்தா?"

"சந்தோஷப்படுவாரு, வேற என்ன?"

தனியாக அழைத்துப் போய்க் காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "வியாழக்கிழமை கூட்டத்துல பேசி முடிவு பண்ணலாம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

"போடறதுக்கு முன்னாடி கூட்டம் வெச்சீங்களா சார்?"

அந்த நேரத்தில் வெளியே தொலைபேசியை எடுத்த சக ஊழியர் நுமாதாவின் குரல் கேட்டது.

"ஆமாங்க, சனிக்கிழமை பத்தரைக்கு. முன்வரிசைக் குட்டியா? வாரா வாரம் வருவாளே." வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "வீடியோ பாத்துட்டு அவ அப்பா பேசறாரு. எவ்வளவு தன்மையான மனுஷன்."

வீடியோக்களுக்குக் குறிப்பு எழுதுவது நான்தான் என்பதால் சேனலின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்து அந்த வீடியோவை அழித்தேன். அடுத்து, அரிமுரா வேலை செய்யும் மீன் பதப்படுத்தும் ஆலைக்குப் பேசினேன். இயந்திர இரைச்சலுக்கு நடுவே நடந்ததைச் சொன்னேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நான் எழுதித்தானே குடுத்தேன், இகராஷி சான்?"

அவ்வளவுதான் கேட்டார். பெண்கள் உதவி மையத்தார் வந்து, புதன்கிழமையே தாயையும் மகளையும் ஊரைவிட்டு அழைத்துப் போனார்கள். ஒன்றரை வருடம் பாடுபட்டு அமைத்துக்கொண்ட வேலை, வீடு, பாலர் பள்ளி எல்லாம் ஒரே நாளில் போயிற்று.

சனிக்கிழமை அவன் வந்தான். நல்ல மேலங்கி, கையில் கேக் பெட்டி. கதை முடியும்வரை ஒவ்வொரு பிள்ளையின் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலைவரிடம் போய், மகளின் வீடியோவை ஏன் நீக்கினீர்கள் என்று புகார் சொன்னான். குராமொச்சி இடுப்புவரை வளைந்து வணங்கினார்.

"எங்க ஊழியர் ஒருத்தங்க அவசரப்பட்டுட்டாங்க. மன்னிக்கணும்."

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

"இவர்கிட்ட எதுக்கு சார் மன்னிப்பு? கேக்க வேண்டியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னான். "அவங்க எங்கன்னு உங்களுக்குத் தெரியும்போல."

"இங்க வர்றவங்களப் பத்தி யார்கிட்டயும் நாங்க சொல்றதில்ல."

"போன்ல சொன்னீங்களே?"

நுமாதா தொலைபேசியை எடுத்தாள். போலீஸ் என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவன் அவசரமில்லாமல் வெளியே நடந்தான்.

பொதுச் சொத்தான வீடியோவை அனுமதியின்றி அழித்ததற்கு நகராட்சியில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். அழித்தது பற்றி இரண்டு வரியும் சிவப்புச் சீட்டு பற்றி இரண்டு பக்கமும் எழுதினேன். தேவையற்ற விவரங்களை நீக்கித் தரவும் என்று திரும்பி வந்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி கொடுத்தேன்.

மார்ச்சில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மே மாத நகராட்சி இதழில் குராமொச்சியின் படம் வந்தது. இனி நூலக வீடியோக்களில் பிள்ளைகளின் முகம் வராதாம். அந்த யோசனை அவருடையதாம்.

இப்போது ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறேன். அந்தத் தாயிடம் எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள், உதவி மையத்தின் வழியாக அனுப்பலாம் என்று மாதம் ஒரு கடிதம் நகராட்சிக்கு எழுதுகிறேன். ஆறு கடிதம் போயிருக்கிறது. கிடைத்தது என்று மட்டும் பதில் வருகிறது. ஏழாவதை நாளைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும்.