மோகன்குமாரின் மெல்லிய சத்தம்

பல்லடத்துக்குப் பக்கத்தில், தறிக்குடோன்களுக்கு நடுவே இருக்கிறது அந்தச் சின்ன தேவாலயம். அங்கே வேதபாடம் வாசிக்க மோகன்குமாருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. இருபத்தெட்டு வருடம் விசைத்தறி இரைச்சலுக்குள் நின்றே பேசிப் பழகிய தொண்டை. அவர் வாயைத் திறந்தால் தெருக்கோடி டீக்கடைக்காரருக்கும் சேர்த்து அருள் கிடைத்துவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சபையில் வேறு பொறுப்பு எதுவும் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு வேதத்தைத் திறந்து வாசிப்பதுதான் அவர் கடவுளுக்குச் செய்கிற ஒரே ஊழியம்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்தது. சபைச் செயலாளர் தமிழ்ச்செல்வன் வியாழக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க மோகன், தப்பா நெனச்சுக்காதீங்க. போன தடவை நீங்க படிக்கறப்ப மூணு கொழந்தைங்க வீல்னு அழுதுபோட்டுதுங்க. இந்த வாரம் நீங்களே படிங்க. அப்புறம் வேற ஆளைப் போடலாம்னு கமிட்டியில பேசிக்கறாங்க."

"செரிங்க" என்றார் மோகன்குமார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

அந்த வாரத்துப் பாடம் எலியா தீர்க்கதரிசி கடவுளைச் சந்திக்க மலைமேல் நின்ற கதை. பெருங்காற்று அடிக்கிறது, நிலம் அதிர்கிறது, நெருப்பு எழும்புகிறது. எதிலும் கடவுள் இல்லை. கடைசியில் ஒரு மெல்லிய சத்தம். அதைக் கேட்டதும் கடவுள் வந்துவிட்டார் என்று எலியா சால்வையால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

"காத்தும் நெருப்பும் நமக்குக் கைவந்தது அம்மணி. இந்த மெல்லிய சத்தத்தை எப்படிப் படிக்கறது?" என்று மனைவி லில்லிபுஷ்பத்திடம் கேட்டார்.

"மெல்லமாத்தானுங்க படிக்கோணும். ரகசியம் பேசற மாதிரி படிச்சுப் பாருங்க."

சனிக்கிழமை முழுக்க ஒத்திகை நடந்தது. அவரும் ரகசியம் பேசித்தான் பார்த்தார். எதிர்வீட்டுச் செல்லாத்தாள் சன்னலைத் திறந்து, "ஏனுங்கண்ணா, எதுல எல்லாம் சாமி இல்லைன்னு சொன்னீங்க? மறுக்காச் சொல்லுங்க" என்று கேட்டார். லில்லிபுஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோகன்குமாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. அவர் காற்றை வாசித்தபோது சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. நிலநடுக்கத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. தமிழ்ச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டார். நெருப்பையும் ஒரு கை பார்த்துவிட்டு மோகன்குமார் மூச்சு வாங்கினார்.

அடுத்தது அந்த வரி. இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அதைத் தொடவே அவருக்குப் பயமாக இருந்தது. வேதத்தின் முன்னால் அவர் பயந்தது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

மோகன்குமார் சத்தமில்லாமல் நின்று அந்தச் சபை பார்த்ததே இல்லை. பின்வரிசைப் பேச்சு சட்டென்று அடங்கியது. அழுத குழந்தைகூட என்னவோ ஏதோ என்று அவரையே பார்த்தது. ஞாயிறு என்பதால் வெளியே தறியும் ஓடவில்லை. அந்த அமைதியில் தங்களோடு இருப்பவர் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வரி உதட்டளவில்தான் வெளியே வந்தது. எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

எலியா முகத்தை மூடிக்கொண்டதை வாசித்தபோது, பழக்கத்துக்கு முக்காடு போட்டிருந்த பெண்கள் பலர் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிரசங்கத்துக்கு எழுந்த ஆயர், மேடை ஏறாமல் இருந்த இடத்திலேயே முழங்கால் போட்டார். யாரும் சொல்லாமலே சபையும் முழங்கால் போட்டது.

ஆராதனை முடிந்ததும் தமிழ்ச்செல்வன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோகன், அடுத்த மாசமும் நீங்கதானுங்க படிக்கோணும். கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேண்டாமுங்க, வேற ஆளையே போடுங்க. இத்தனை வருசமா நான் படிச்சுப்போட்டு எறங்கி வந்துட்டு இருந்தேனுங்க. ஒருநாளும் காதுகுடுத்துக் கேட்டதில்ல. கொஞ்ச நாளைக்கு உக்காந்து கேக்கறேனுங்க."

இதை அவர் தம் பழைய குரலிலேயே சொன்னதால் டீக்கடை வரைக்கும் கேட்டது. லில்லிபுஷ்பம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.