கண்ணாபின்னாப் புள்ளிகள்

அணுக்கழிவைப் புதைக்கப்போகும் சுரங்கம் அது. பாறை அசைகிறதா என்று கேமரா கண்டுபிடிக்க, வெள்ளையடித்த சுவரில் கறுப்புப் புள்ளிகள் வேண்டும். பெயிண்டரான என் அக்கா, ஸ்கேல் பிடித்து வரிசை வரிசையாக வைத்தாள். எல்லாம் ஒன்றுபோல இருந்ததால், எந்தப் புள்ளி நகர்ந்தது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் திணறியது.

“ஒழுங்கே இருக்கக் கூடாதும்மா,” என்று தலையில் கைவைத்தார் இன்ஜினியர்.

“அப்போ என் தங்கச்சியைக் கூப்பிடுங்க,” என்றாள் அக்கா கடுப்பாக.

புதிதாக வெள்ளையடித்த சுவரில் பிரஷை நாலு உதறு உதறினேன். முப்பது வருஷமாக வீட்டில் நான் வாங்கிய திட்டெல்லாம் அதில் தெறித்தது.

“பிரமாதம். இனி மயிரிழை நகர்ந்தாலும் தெரிஞ்சிடும்,” என்றார் இன்ஜினியர்.

அக்கா ஈரத்துணியோடு சுவரை நெருங்கினாள். “அந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் நேராக்கிடறேனே.”