ஏழு நாள் தண்ணீர்

ஒப்பாரியின் நடுவில் துசாந்தினி எழும்பினாள். மயங்கி விழப்போகிறாள் என்று பக்கத்துப் பெண்கள் கை நீட்ட, அவளோ நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளினாள். வேலியோரம் கவிழ்ந்திருந்த சீமெந்துப் பூச்சாடியின் மேல் அதை மெல்ல மெல்ல ஊற்றினாள்.

"தாய் நடுவீட்டில கிடக்கிறா, மகள் பூச்சாடி குளிப்பாட்டுறா!"

செத்தவீட்டில் எதற்குக் குறைவிருந்தாலும் வாய்க்குக் குறைவிருக்காதே! தாய் பவளராணியோடு ஒரே தோட்டக் கழகத்தில் இருந்த பாலம்மா மட்டும் எழும்பி வந்து வாளியை ஒரு கை பிடித்தாள்.

"நீ ஊத்து புள்ள. சொல்றவங்க சொல்லட்டும்."

நறுவிலிக்குளம் வீட்டுத்தோட்டக் கழகத்தின் போன ஞாயிற்று வேலை அது. பழைய துணியைச் சீமெந்துக் கரைசலில் தோய்த்து, கவிழ்த்த வாளியின் மேல் விரித்துவிட்டால் மடிப்பு மடிப்பாக ஒரு சாடி. மற்றவர்கள் கிழிந்த துவாயும் சாரமும் கொண்டுபோனார்கள். பவளராணி கொண்டுபோனது வேறு. ஏழு நாள் தண்ணீர் விடாவிட்டால் சாடி வெடித்துவிடும். மூன்றாம் நாள் நெஞ்சுவலி வந்து ஓட்டோவில் ஏறும்போதும், "பின்னேரத் தண்ணியை மறந்திடாத" என்றுதான் மகளிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. இன்று நாலாம் நாள்.

"பிள்ளை!" நடராசா மாமா, தாயின் தமையன், வியர்த்து வழிய வெளியே வந்தார். "அம்மான்ர கூறைச்சீலை எங்க? அலுமாரி முழுக்கக் கிளறிப்போட்டன்."

"கூறை என்னத்துக்கு மாமா?"

"என்னத்துக்கோ? புருசன் இருக்கச் செத்தவள். கலியாணக் கூறை போர்த்தித்தான் எடுக்கோணும். உன்ர அப்பரும் வாறார். கூறை காணேல்லை எண்டு சொன்னனான், புதிசா ஒண்டு வாங்கிக்கொண்டு வாறாராம்."

துசாந்தினிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பத்தொன்பது வருசத்துக்கு முன் வவுனியாவில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தப் போன மனிதர். ஒரு பென்சில் வாங்கித் தந்தவரா? காய்ச்சல் எண்டு படுத்தால் எப்பிடி எண்டு கேட்டவரா? இப்போது கூறையோடு வருகிறாராம்!

"அந்தக் கையால வாற ஒரு நூலும் என்ர அம்மாவில படக்கூடாது."

"ஊர் என்ன சொல்லும் பிள்ளை?"

"அம்மா தனிய வயல் விதைக்கேக்க ஊர் என்ன சொன்னது? கூறைதானே வேணும்? குனிஞ்சு பாருங்கோ."

மாமா குனிந்தார். சாடியின் விளிம்பில், சீமெந்து பிடிக்காத ஒரு விரற்கடை இடத்தில், அரக்குப் பட்டும் சரிகையும் ஈரத்தோடு தெரிந்தன. அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"நான் யாழ்ப்பாணம் போய் எடுத்த கூறை."

"ஓம். அவாவும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தோய்ச்சவா. 'அண்ணை எடுத்தது, நல்ல பாரமான பட்டு, சீமெந்து வடிவாப் பிடிக்கும்' எண்டு."

"சிரிச்சு சிரிச்சுல்ல தோச்சாங்க," என்றாள் பாலம்மா. "நாங்க தடுத்தோம். கேக்கல."

அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் நடராசாதான். கலியாணத்துக்கு முன் வேண்டாம் என்று தங்கை அழுத அழுகையை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. கையிலிருந்த சீமெந்து நீரை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழும்பி, உள்ளே போனார்.

பறை அடிக்கத் தொடங்கியபோது வான் ஒன்று வேலிப் படலையில் வந்து நின்றது. நரைத்த மீசையோடு இறங்கியவரின் கமக்கட்டுக்குள் இடுக்கியபடி ஒரு புடவைக்கடைப் பை. துசாந்தினி தாயின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. பவளராணி தோட்டத்துக்கு உடுக்கிற பச்சை நூல்சீலையோடு படுத்திருந்தாள். மகள்தான் உடுத்திவிட்டவள். முந்தானையில், கழகத்தில் சாடிகளுக்குப் பூசுகிற சிவப்புப் பெயின்ற் ஒரு திட்டு. துசாந்தினி அந்த முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆராவது உருவட்டும் பார்ப்பம்!

வந்தவர் வாசலில் நின்று தயங்கினார்.

"மச்சான், கூறை கொண்டு வந்திருக்கிறன்."

"அவளுக்கு உடுத்தாச்சு," என்றார் நடராசா.

"அப்ப... நான் எங்க நிக்கிறது?"

மாமா தங்கையின் முகத்தைப் பார்த்தார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"சனத்தோட நில்லுங்கோ."

அவர் பையை மற்றக் கமக்கட்டுக்கு மாற்றிக்கொண்டு வேலியோரம் போனார். அங்கே நின்றவர்கள், வருகிற எவருக்கும் விடுவதுபோல, கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள்.