சிப்பிப் பொத்தான் ஊரில்

வட்டவட்டமாய்த் துளைபட்ட சிப்பிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் குவிந்து கிடக்கின்றன, ஒவ்வொரு துளையும் ஒரு சட்டைப் பொத்தானாகப் போன இடம், சன்னலுக்கு வெளியே மிசிசிப்பி சேற்று நிறத்தில் அகன்று போகிறது, நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆற்றில் சிப்பி அரித்துத்தான் ஊரே பிழைத்ததாம், காட்சிக்கூடத்து வெள்ளைக்காரம்மா சொல்லச் சொல்ல மகள் தமயந்தி தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறாள், காலையில் படகுச் சவாரி, மதியம் இது, அப்பாவுக்கு மிஷின்னா உசுரு என்று அவளேதான் கூட்டிவந்தாள், ஏகாம்பரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறுக்கிற இயந்திரத்தைச் சுற்றிவருகிறார், அம்பத்தூர்ப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் மேஸ்திரி, இன்னும் அதே நடை. இதுல விரல் போனவங்க நெறைய பேராம்ப்பா, என்கிறாள் மகள். போவும், என்கிறார்.

போவும், அம்பத்தூர்ப் பட்டறையில் தகரத்தை வைத்துவிட்டு இரண்டு கையாலும் இரண்டு சுவிட்சை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே இருக்கக் கூடாதென்றுதான் அந்த ஏற்பாடு, ஒன்றை அழுத்தித் தீக்குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கை போதும், மறுகை தகரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம், டப்பா மூடிகள் கொட்டும், செருகியது அவர்தான், வேணாண்ணே, பயமா கீதுண்ணே, என்கிறாள் பிரஸ்ஸில் நிற்கிற கன்னியம்மா, பயந்தா போய்ப் பூ கட்டு, என்கிறார், பட்டறையே சிரிக்கிறது, அவளும் சிரிக்கிறாள், சிரித்த வாய் மூடுமுன் பிரஸ் இறங்கிவிட்டது, இல்லை, அது மறுநாள், அவள் இரண்டு விரல் போன கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளை ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் தீக்குச்சியைப் பிடுங்கினார், விசாரிக்க வந்தவரிடம், தூங்கி விழுந்துட்டா சார், என்றார், அதோடு அவள் வேலை போயிற்று, பிறகு தன் வீட்டிலேயே பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டார், நல்ல மனுஷன் என்றது தெரு.

அப்பா, நம்ம கன்னியம்மா அத்தைக்கும் இப்படித்தான ஆச்சு, மூணு விரல்லயே எனக்கு ஜடை போடுவாங்களே, கேட்டா ஒங்கப்பனக் கேளும்பாங்க, எப்பிடிப்பா போச்சு, என்கிறாள் தமயந்தி, கன்னியம்மா செத்து ஆறு வருஷம், இங்கே சொன்னால் அம்பத்தூருக்குக் கேட்கப் போவதில்லை, கேட்கப்போவது இந்த ஒருத்திதான், அப்பா என்றால் இன்னும் முகம் மலர்கிற இந்த ஒருத்திதான்.

தூங்கி விழுந்துட்டா, என்றார்.

தமயந்தி அதை அப்படியே வெள்ளைக்காரம்மாவிடம் சொன்னாள், அந்தம்மா ஏதோ பதில் சொன்னாள், மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னவாம், என்று கேட்டார். ஒண்ணுமில்லப்பா, இங்கயும் மேஸ்திரிங்க அப்பிடித்தான் எழுதி வெச்சாங்களாம், அத்தினி பேரும் தூங்கித்தான் விழுந்தாங்களாம்.